வெள்ளணுக்கள் செல்லும் வழியும் தடுப்பூசி போடும் இடமும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். 2021ஆம் ஆண்டில் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் வரிசையில் நின்று கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு, ஓரிரு நாளில் அதே பக்கத்து அக்குளில் நெறிகட்டியது நினைவிருக்கலாம். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படங்களிலும் அந்த வீக்கம் தெரிந்ததால், எந்தக் கையில், எப்போது ஊசி போட்டீர்கள் என்று பெண்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது அக்காலத்தில் வழக்கமாயிற்று. கைத்தசையில் இறங்கிய மருந்துக்கு அக்குள் ஏன் வீங்க வேண்டும்?

ஊசி இறங்கிய இடத்திலேயே நோய் எதிர்ப்பு உருவாகிவிடுவதில்லை. அங்குள்ள டெண்ட்ரைட்டிக் செல்கள் என்னும் காவல் செல்கள் அந்நியப் புரதத்தை விழுங்கி, நிணநீர்க் குழாய்க்குள் புகுந்து, அக்குளில் வெள்ளணுக்கள் கூடும் சிறு முடிச்சான நிணநீர்க் கணுவை ஏறத்தாழ ஒரு நாளில் எட்டுகின்றன. 1973இல் இச்செல்களை இனங்காட்டிய ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கணுவுக்குள், நோய்க்கிருமியை இனங்கண்டு எதிர்க்கும் வெள்ளணுக்களான டி-செல்கள் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) வேகத்தில் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். குறிப்பிட்ட ஒரு புரதத்தை அறியக்கூடிய டி-செல் இலட்சத்தில் ஒன்றாகவோ அதனினும் அரிதாகவோ இருப்பதால், அது டெண்ட்ரைட்டிக் செல்லைச் சந்திக்க இந்த அலைச்சல் இன்றியமையாதது. சந்தித்தபின் அது பல்கிப் பெருகும், கணுவும் வீங்கும். இந்த வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து கணுவுக்கும் அங்கிருந்து மீண்டும் இரத்தத்துக்கும் சுற்றி வருகின்றன என்பதை, எலிகளின் நிணநீரை வடித்துச் செய்த சோதனைகளால் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் நிறுவினார்.

எங்கே பயிற்சி பெற்றதோ, அந்த இடத்துக்கேற்பவே செல் பிறகு போய்ச் சேரும் உறுப்பும் அமைகிறது என்பதே எனக்கு இத்துறையில் மிகவும் வியப்பளிக்கும் செய்தி. குடலைச் சார்ந்த கணுக்களிலுள்ள டெண்ட்ரைட்டிக் செல்கள், நாம் உண்ணும் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினோயிக் அமிலத்தை உண்டாக்குகின்றன; அதன் தூண்டுதலால் டி-செல்லின் மேற்பரப்பில் குடலின் இரத்தக் குழாயில் மட்டும் பற்றிக்கொள்ளத்தக்க மூலக்கூறுகள் முளைக்கின்றன. கையில் ஊசி போடும்போது இந்தக் குடல் முத்திரை பெரும்பாலும் விழுவதில்லை.

போலியோவில் இந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும். ஊசி வழி மருந்து நரம்பைக் காத்து முடக்கத்தைத் தடுக்கிறது. ஆயினும் குடலில் வைரஸ் பெருகுவதை வாய்வழிச் சொட்டு மருந்தளவுக்கு அது தடுப்பதில்லை. 2019 டிசம்பரில், 27 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மலேசியாவின் சபா மாநிலத்தில் ஒரு குழந்தைக்குப் போலியோ உறுதியானபோது, அங்கே சொட்டு மருந்து இயக்கம் நடத்தப்பட்டதற்கு இதுவே காரணம். அந்த வைரஸே சொட்டு மருந்திலுள்ள பலவீனமாக்கப்பட்ட வைரஸ், தடுப்பு குறைந்த மக்களிடையே பரவிப் பரவி மாறியதுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது ஊசியை அதே கையில் போடுவதா, மறு கையில் போடுவதா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. முதல் ஊசியில் பழகிய நினைவுச் செல்கள் அந்தக் கணுவிலேயே தங்கியிருப்பதால் அதே கையில் போட்டால் எதிர்வினை விரைவாக எழுகிறது என்று சிட்னி ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள். நான்காவது வாரத்திலோ வேறுபாடு மறைந்துவிட்டது. மறு கையே மேல் என்று அமெரிக்காவின் ஒரிகன் ஆய்வாளர்கள் 2024இல் சொல்லியிருந்தார்கள். ஆகவே எந்தக் கையானாலும் தவணை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்பதே இப்போதைக்கு என் விடை.

சுவாச நோய்களுக்கு மூக்கின் வழியே மருந்து கொடுத்து, செல்களை வைரஸ் நுழையும் வாசலிலேயே நிறுத்தும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. இந்தியா 2022இல் அத்தகைய கோவிட் மருந்துக்கு அனுமதி தந்தது. ஆனால் மூக்கிலுள்ள சளி, அந்த மருந்தைச் சில நிமிடங்களிலேயே தொண்டைக்குள் தள்ளிவிடுகிறது. மேலும், மூக்கின் சவ்வில் குடியேறிய செல்கள் இரத்தத்தில் திரும்ப வருவதில்லையாதலால், வழக்கமான இரத்தப் பரிசோதனை மருந்தின் பலனை முழுமையாகக் காட்டாது. சவ்வையே சுரண்டி மாதிரி எடுக்க வேண்டும். கையை நீட்டி இரத்தம் கொடுக்க முன்வரும் தன்னார்வலர்கள்கூட அதற்குச் சற்றுத் தயங்கத்தான் செய்கிறார்கள்.