வெடிக்காத குண்டுகள்

அன்பு நண்பர்களே,

போரில் ஆயுதத்தின் தரம் ஜெயிக்குமா, எண்ணிக்கை ஜெயிக்குமா என்ற கேள்வி வந்தாலே டைகர் டாங்கியைத்தான் இழுப்பார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி செய்தது சுமார் 1,350. சோவியத் நாடு போர்க்காலத்தில் செய்த டி-34 டாங்கிகள் 50,000-க்கும் மேல். எண்ணிக்கை வென்றது, அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு அந்த விடை போதவில்லை. டைகரை ரயிலில் ஏற்றிய விதத்தைப் பாருங்கள். அகலம் அதிகம் என்பதால் சங்கிலிப் பட்டைகளைக் கழற்றி, குறுகலான வேறு பட்டைகளை மாட்டவேண்டும். வெளிச் சக்கரங்களையும் கழற்றவேண்டும். இறங்கியதும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டவேண்டும். களத்துக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு என்றால், அதை என்ன தரம் என்பது?

சரி, எண்ணிக்கைதான் பெரிது என்போமா? முதல் உலகப்போரில், 1916-இல், பிரான்ஸில் ஜெர்மானியரோடு நடந்த சொம் போருக்கு முன் பிரிட்டன் ஒரு வாரத்தில் 15 லட்சம் பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது. முந்தைய ஆண்டுதான் குண்டுப் பஞ்சம் அரசையே ஆட்டியிருந்தது. அந்த அவசரத்தில் செய்தவற்றில் ஏராளமானவை வெடிக்கவே இல்லை. அவை அறுத்திருக்கவேண்டிய எதிரியின் முள்வேலி பல இடங்களில் அப்படியே நின்றது. ஜூலை 1, அந்த ஒரே நாளில் 19,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். இந்தக் கணக்கை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஏவிய மார்க் 14 டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு. ஒன்றின் விலை சுமார் 10,000 டாலர். கையிருப்போ கொஞ்சம். அதனால் உண்மையான வெடிமருந்தோடு ஏவிப் பார்க்காமலே போருக்கு அனுப்பிவிட்டார்கள். குறிவைத்ததைவிட ஆழமாக ஓடியது. இலக்கில் இடித்தாலும் பல நேரம் வெடிக்கவில்லை. நீர்மூழ்கித் தலைவர்கள் புகார் சொன்னபோது, உங்கள் குறிதான் தப்பு என்று பதில் வந்தது. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, அசையாமல் நின்ற ஜப்பானியக் கப்பல்மேல் செங்குத்தாக ஒன்றன்பின் ஒன்றாக ஏவியது. அத்தனையும் போய் இடித்தன, எதுவும் வெடிக்கவில்லை. தலைவர் கடைசி ஒன்றை ஏவாமல் பரிசோதனைக்காகத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்புறம் ஹவாயில் சோதித்தபோதுதான் தெரிந்தது: நேராக மோதினால் உள்ளே வெடிப்பைத் தூண்டும் ஊசி நசுங்கிப்போகிறது. குறி சரியாக இருந்ததுதான் அங்கே கேடு! அதற்குள் அமெரிக்கா போரில் இறங்கி ஒன்றரை வருடத்துக்கு மேல் போயிருந்தது.

கவனியுங்கள், குறைவாக இருந்ததால் சோதிக்கவில்லை. சோதிக்காததால் கோளாறு தெரியவில்லை. தரத்தையும் எண்ணிக்கையையும் எதிரெதிர்த் தட்டில் வைப்பதே தவறு என்று நான் சொல்வது இதனால்தான். வெடித்துப் பார்த்து வீணாக்குவதற்கும் சேர்த்துத்தான் உற்பத்தி வேண்டும்.

2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்குப் பன்னிரண்டு மாதத்தில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாகச் சொன்னது. கெடு முடிந்தபோது போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய பாதி. பணம் இருந்தது, தொழில்நுட்பமும் இருந்தது. பல ஆண்டுகளாகச் சுருக்கி வைத்திருந்த தொழிற்சாலைகளும் வெடிமருந்துத் தயாரிப்பும்தான் ஈடுகொடுக்கவில்லை. உக்ரைனில் பீரங்கிக்காரர்கள் ஒவ்வொரு குண்டையும் எண்ணி எண்ணிச் சுட்டார்கள்.