நோயாளி என்றீர்களே, அண்ணா! (வாசிகசாலைப் பட்டிமன்றத்தில் பழைய பிரியஸ் அணிக்காகப் பேசியது)

நடுவர் அவர்களே, சபையில் இருக்கும் பெரியவர்களே, முன்னால் பாயில் இருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பத்து நிமிடம்தான் தந்திருக்கிறார்கள், நேரே விசயத்துக்கு வருகிறேன்.

"எங்கள் வாழ்க்கைக்கு உகந்தது பழைய பிரியஸா, புதிய பிரியஸா?" இதுதான் தலைப்பு. பிரியஸ் என்றால் டொயோட்டாவின் ஹைபிரிட் கார், பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிறது. 1997இல் வந்த முதலாவது தலைமுறையிலிருந்து 2009இல் வந்த மூன்றாவது வரை பழையது. 2015இல் வந்த நாலாவதும் இப்போது ஓடுகிற ஐந்தாவதும் புதியது. நான் பழையதன் பக்கம். பழைய பிரியஸில் ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடிய ஒருவரின் மகள் வேறு எந்தப் பக்கம் நிற்பாள்?

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணா ஒரு வசனம் சொன்னார், மண்டபமே சிரித்தது. "பழைய பிரியஸ் வாங்குகிறவன் கார் வாங்கவில்லை, ஒரு நோயாளியைத் தத்தெடுக்கிறான். இன்றைக்குப் பற்றரி, நாளைக்கு பிறேக், நாளையின்றைக்கு ஹெட் காஸ்கெட்" என்றார். அண்ணா, அந்த "நோயாளி" என்ற சொல்லை இந்த மேடையிலிருந்து இறங்கும் வரை நான் விடப் போவதில்லை. அதற்கு முன் உங்கள் கணக்கை மட்டும் முடித்துவிடுகிறேன்.

ஐந்தாவது தலைமுறையில் இரண்டு லீற்றர் எஞ்சின், 196 குதிரை வலு, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட ஏழரை வினாடி என்றீர்கள். மூன்றாவதுக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஊருக்குள் 50, வெளியே 70 என்று சட்டம் இருக்கிற நாட்டில் ஏழரை வினாடியில் 100ஐத் தொட்டால், எட்டாவது வினாடியில் உங்களை வரவேற்கப் பொலிஸ் நிற்குமே அண்ணா! அதுவும் எங்கள் ஒழுங்கைகளில்? முன்னுக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின், அதற்கு முன்னுக்கு இரண்டு மாடு.

அப்புறம் பெற்றோல். அமெரிக்க அரசின் சோதனையில் மூன்றாவது தலைமுறை லீற்றருக்கு ஏறக்குறைய 21 கிலோமீற்றர் ஓடியது, ஐந்தாவது 24 வரை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர 130 கிலோமீற்றர் என்று வையுங்கள். மிச்சம் முக்கால் லீற்றர். அந்த முக்கால் லீற்றருக்காக அண்ணா காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போகச் சொல்கிறார். கூரையையும் மூன்றாவதை விட ஆறு சென்ரிமீற்றராவது இறக்கியிருக்கிறார்கள். வடிவுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. எண்பது வயது அம்மம்மா குனிந்து ஏறிவிட்டு "ஆருக்கடா உது செய்தவங்கள்?" என்று கேட்டால் நீங்களே பதில் சொல்லுங்கள்.

கணக்கு முடிந்தது. இனி நோயாளி.

எங்கள் வீட்டுக் கார் 2010ஆம் ஆண்டு மொடல், மூன்றாவது தலைமுறை. ஜப்பானில் யாரோ ஓடிவிட்டு அனுப்பியது. 2015இல் அப்பா கொழும்பிலிருந்து ஓடிக்கொண்டு வந்தார். பவர் பட்டனை அமுக்கியதும் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான் பிள்ளையின் குரல் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பதில் சொல்லுவார்: "ஓம் பிள்ளை, போட்டு வாறம்." அதற்குப் பிறகுதான் கேற் தாண்டுவார். ஹயருக்கு ஏறுகிறவர்களும் சிரித்துக்கொண்டு "ஓம் பிள்ளை" என்பார்கள். இதை மனதில் வைத்திருங்கள் நடுவரே, திரும்பி வருவேன்.

அம்மா தையல்காரி. அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறா. 2018 ஓகஸ்ட் மாதம், அப்பாவும் அம்மாவும் நானும் கொழும்பு புறக்கோட்டையில் துணி எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். பின் சீற்றில் நான், என் பக்கத்தில் கூரை முட்டத் துணி மூட்டை. பரந்தனும் தாண்டியாயிற்று. ஆனையிறவு. மத்தியான வெயில், இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பளம், கண்ணைத் திறக்க ஏலாது. பின்னாலிருந்து ஒரு இரைச்சல். விமானம் எழும்புகிற மாதிரி. திரையில் சிவப்பு முக்கோணம், அதற்குக் கீழே ஜப்பான் எழுத்து. கார் இழுக்க மாட்டேன் என்கிறது. அப்பா ஓரமாக விட்டார்.

அம்மா உடனே, "நான் அப்பவே சொன்னனான், பற்றரி போட்டுது." அண்ணா, அந்த நிமிடம் அம்மாவும் உங்கள் அணியில்தான் இருந்தா. பற்றரி போனால் எவ்வளவு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பா இறங்கி வெயிலில் நிற்கிறார், சாரத்துத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறார், திரும்பவும் துடைக்கிறார்.

பரந்தனிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு ஸ்குறூ ட்றைவர், ஒரு பழைய பல் துலக்குகிற பிரஸ். அவ்வளவுதான். "மூட்டையை இறக்குங்கோ" என்றார். இறக்கினோம். சீற்றின் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடு போட்ட ஒரு காற்றுவாய் இருக்கிறது, மூன்று வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. அதன் வழியாகத்தான் பற்றரிக்குக் காற்று போகிறது. மூட்டை அதன் வாயை அடைத்திருந்தது. அவர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த நத்தை மாதிரி ஒரு காற்றாடியை வெளியே எடுத்தார்.

நடுவரே, காற்றாடி தெரியவில்லை. பஞ்சு! தைத்த துணியும் தைக்காத துணியுமாக மூன்று வருடம் ஏற்றி இறக்கினதில் உதிர்ந்த பஞ்சும் நூலும் திரண்டு ஒரு குருவிக் கூடு மாதிரி இருந்தது. அவர் பிரஸ்ஸால் சுரண்டச் சுரண்ட அம்மா குனிந்து பார்க்கிறா. வெள்ளை நூல், அது பள்ளிக்கூட யூனிபோம். கருநீலம், அது வங்கியில் வேலை செய்கிற அக்காமாரின் பிளவுஸ். இடையில் ஒரு துண்டு சரிகை நூல். அம்மா அதை நுனி விரலால் எடுத்தா. "இது எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர கல்யாண பிளவுஸ்!" பற்றரிக்குப் போகிற வழியில் எங்கள் ஊரே குடியிருந்திருக்கிறது!

மெக்கானிக் அண்ணை காற்றாடியைத் திரும்பப் பூட்டினார், ஏசியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆற விட்டார். அப்பா பட்டனை அமுக்கினார். ஜப்பான் பிள்ளை பேசினாள். அப்பா, வெயிலில் சிவந்த முகத்தோடு, "ஓம் பிள்ளை, போட்டு வாறம்" என்றார். முக்கோணம் திரும்ப வரவில்லை. மெக்கானிக் அண்ணை வாங்கியது ஐந்நூறு ரூபா. அதற்குப் பிறகு அம்மா மூட்டையை அந்தப் பக்கம் வைத்ததே இல்லை.

இப்போது சொல்லுங்கள் அண்ணா. யார் நோயாளி? மூக்கை நாங்கள் பொத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடவில்லை என்று அதைக் குறை சொல்லலாமா? உங்கள் நாலாவதிலும் ஐந்தாவதிலும் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதுவும் காற்றுக் குடிக்கிற பற்றரிதான். அங்கேயும் மூட்டையை வைத்துப் பாருங்கள்!

சரி, பற்றரி உண்மையாகவே பலவீனமானால்? இரண்டாவது, மூன்றாவது தலைமுறைப் பிரியஸின் நிக்கல் பற்றரி ஒரே கட்டி அல்ல. 28 துண்டு, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், சேர்ந்தால் 201.6. ஒரு துண்டு சோர்ந்தால் அதைக் கழற்றி, மற்றவற்றோடு ஒத்த துண்டாகப் பார்த்துப் போட்டு, எல்லாவற்றையும் சமப்படுத்தி ஓட வைக்கிற கைகள் எங்கள் ஊர்க் கராச்சுகளில் இருக்கின்றன. ஒரு பல்லு ஆடினால் தாடையையே மாற்றுவோமா? ஹெட் காஸ்கெட் என்றீர்கள், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையில் இருக்கிற அடைப்புத் தகடு. மூன்றாவது தலைமுறையில், புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற ஈஜிஆர் பாதை கரி பிடித்து அடைக்கும், அடைத்தால் காஸ்கெட்டுக்கு ஆபத்து, உண்மை. காலத்துக்குக் கழற்றிக் கழுவினால் அந்த ஆபத்து குறையும். எங்கே கழுவ வேண்டும் என்று எங்கள் மெக்கானிக்மாருக்கு மனப்பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரியஸின் முதல் மாதிரி வண்டியை 1995 கடைசியில் செய்தபோது, அது 49 நாள் அசையவே இல்லை. தலைமைப் பொறியியலாளர் உச்சியமாடாவும் அவருடைய ஆட்களும் இரவு பகலாகப் பிழை தேடினார்கள். பிறகு ஓடியது. எவ்வளவு தூரம்? 500 மீற்றர்! அன்றைக்கு "இது நோயாளி" என்று யாராவது ஒதுக்கியிருந்தால் அண்ணாவின் 196 குதிரை எங்கேயிருந்து வந்திருக்கும்? எஞ்சினையும் இரண்டு மோட்டாரையும் ஒரே பற்சக்கரத் தொகுதியில் கோர்த்தார்களே, அதுதான் 1997இல் தெருவுக்கு வந்தது. ஐந்தாவது தலைமுறைக்குள்ளும் அடிப்படை அதுதான் சுழல்கிறது. பிள்ளையின் மூக்கைப் புகழ்ந்துவிட்டு, அந்த மூக்கைக் கொடுத்த தகப்பனைப் பழிக்கிறீர்கள்.

எங்கள் ஊருக்கு இதெல்லாம் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் துளித் துளியாகத்தான். ஒஸ்ரின் ஏ 40உம் மொறிஸ் மைனரும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு காருக்கு இரண்டு வலு! டொயோட்டா 1997இல்தான் விற்கத் தொடங்கியது, யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்னமே ஹைபிரிட் ஓடியது! (கைதட்டுங்கள், அதைச் செய்த பெரியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.) அந்தக் கார்களுக்கு அப்போதே நாற்பது வயது. கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எது? அண்ணா சொல்கிற அந்த "நோயாளி"தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் வந்த ஐந்தாவது தலைமுறை படத்தில் இருந்தது, பழைய பிரியஸ் தெருவில் இருந்தது.

2022 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் இல்லை. பெற்றோல் செட்டிலிருந்து சந்தி தாண்டி வரிசை. அப்பா இரண்டு இரவு காருக்குள்ளேயே படுத்தார். பிறகு கியூஆர் பங்கீடு வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்பா அந்த 20 லீற்றரையும் கொப்பியில் எழுதிப் பங்கு போட்டார். டயலிசிஸுக்குப் போகிற ஐயாவுக்கு இரண்டு பயணம். பிள்ளைப்பேற்றுக்கு நாள் கிட்டின ஒரு தங்கச்சிக்காக ஐந்து லீற்றர், தொடவே கூடாது என்று கோடு கீறி வைத்திருந்தார். மிச்சம்தான் எங்கள் சோற்றுக்கு. ஒரு இரவு ஒன்றரை மணிக்கு அந்தத் தங்கச்சியின் அம்மா கேற்றில் தட்டினா. அப்பா எழும்பிப் போய்ப் பட்டனை அமுக்கினார். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஒழுங்கையால் கார் நழுவிப் போனது. நாய் கூடக் குரைக்கவில்லை. விடிய ஆண் பிள்ளை.

அண்ணா, அப்பாவுக்கும் அப்போது சுகமில்லை. அதை எங்களுக்கு அவர் சொல்லவே இல்லை. நோயாளி என்று நீங்கள் சொன்னபோது சபை சிரித்தது, எனக்கு மட்டும் அப்பாவின் முகம் வந்தது. ஒரு நோயாளி இன்னொரு நோயாளியை ஓட்டிக்கொண்டு எத்தனை பேரைக் கரை சேர்த்தார் என்று அந்தக் கொப்பி சொல்லும். கார் பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் திகதி, கிலோமீற்றர், லீற்றர், மூன்றும் அவருடைய சாய்ந்த எழுத்தில். 2023 மார்ச். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரு நிமிடம்.

அந்த ஜப்பான் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று போன வருடம்தான் தெரிய வந்தது. ஜப்பானில் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி ஏறினான், கேட்டுவிட்டுச் சொன்னான்: "நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை" என்கிறாளாம். இல்லாத ஒரு அட்டையை எட்டு வருடமாக அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். போட்டு வாறம், போட்டு வாறம் என்று அவரும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

இப்போது காரை நான் ஓடுகிறேன். இன்றைக்கு இங்கே வரவும் அதில்தான் வந்தோம். பட்டனை அமுக்கினேன், அவள் பேசினாள். நான் கேற்றைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பக்கத்துச் சீற்றிலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னா:

"ஓம் பிள்ளை, போட்டு வாறம்."

நன்றி, வணக்கம்.