சந்தேகங்களுக்கு விளக்கம்: ஆற்றோரம் போகிற ரயிலில் ஆறு ஏன் தெரியவில்லை?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். “சார், திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதையைத் தாமிரபரணிக் கரைப் பாதை என்று போன பேச்சில் அப்படிப் புகழ்ந்தீர்கள். மெனக்கெட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். ஜங்ஷனை விட்டதும் ஒரு பாலத்தில் ஆறு தெரிந்தது. அப்புறம் கடைசிவரை ஆற்றையே காணோமே?”

கேட்டாரே ஒரு கேள்வி! இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே குஷி.

தம்பி, நம்ம பேச்சைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு இது மனப்பாடம் ஆகியிருக்கும்: தண்ணீர் பள்ளத்தைத் தேடும், ரயில் மேட்டைத் தேடும். வயலுக்கு நடுவே பாதை போட்டால் மண் இளகும், வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும். அதனால் நஞ்சை முடிந்து புஞ்சை தொடங்குகிற விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகிறது அந்தப் பாதை. நீங்கள் திருச்செந்தூர் போகும்போது ஆறு இடப்பக்கம், கொஞ்சம் தள்ளி. ஆனால் ஆறு செய்கிற வேலையெல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது. மருதூர் அணையிலிருந்தும் ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்தும் பிரிகிற கால்வாய்கள், அவை நிரப்புகிற குளங்கள், அந்தக் குளத்துத் தண்ணீரில் வாழை, நெல், ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். வலப்பக்கம் திரும்பினால் பல இடங்களில் செம்மண்ணும் பனையும். 61 கிலோமீட்டர் பாதையில் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்து இரண்டு ஊரைப் பார்க்கலாம்.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரும் கோயிலும் ஆற்றுக்கு வடகரையில். ஸ்டேஷன் தென்கரையில், புதுக்குடியில். ஊரைப் பார்க்க ஆற்றைத் தாண்ட வேண்டும். அதற்குச் சற்று முன்னால்தான் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார், செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழியாக வந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்து மனிதர்கள் உழுவதற்குப் பள்ளத்தை வைத்துக்கொண்டு, செத்தவர்களைப் புதைக்க மேட்டுப் பரம்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ரயில் போட்டவர்களுக்கு ரொம்ப முன்னாடியே மேட்டின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் அப்பாவுக்கு நாசரேத் பக்கம். கொருக்குப்பேட்டையில் மளிகைக்கடை. மே மாதம் லீவு விட்டால் எழும்பூரில் ஏற்றிவிடுவார்கள். மீட்டர் கேஜ் காலம், நிலக்கரி எஞ்சின். தலையை வெளியே நீட்டினால் கண்ணில் கரி விழும், நீட்டாமல் இருக்கவும் முடியாது. ஆழ்வார்திருநகரி வந்தால் அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வாள், நம்மாழ்வார் பிறந்த ஊராயிற்றே. திரும்பி வரும்போது சீட்டுக்கு அடியில் கருப்பட்டிச் சிப்பம். சென்னை வருவதற்குள் அந்தப் பெட்டியில் இருக்கிற எறும்பெல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரர்கள். வடசென்னையில் கடை வைத்திருக்கிற தெற்கத்திக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு சிப்பக் கதை வைத்திருப்பார்கள். சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

மேடு என்று சொன்னேனா? 2023 டிசம்பர் 17 ராத்திரி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து நம்ம ஊருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். சுமார் 800 பேர் உள்ளே. அதற்கு மேல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், வெறும் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் வெள்ளம், ஸ்டேஷனில் வண்டி. புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளிலும் தண்ணீர் வந்திருந்த நேரத்தில் சோறாக்கிப் போட்டார்கள். குளங்கள் உடைந்தால் தண்ணீர் எந்த வழியில் போகும் என்று பாதை போடும்போதே யோசித்தாக வேண்டும். சின்னச் சின்னப் பாலங்கள் போதுமான அளவு இருக்கின்றனவா என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி. ஜன்னல் அழகு எல்லாம் அப்புறம்.

ஆனால் தம்பி, தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு ஆறு தெரியவில்லை என்று திருநெல்வேலிக்குப் போய்க் குறைபட்டுக்கொள்கிறீர்களே, உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஆற்று ரயில் ஓடுகிறதே! அதை ஏன் யாரும் கேட்பதில்லை? கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி வலப்பக்கம் உட்காருங்கள். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம். ஒருபக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறவர்கள். சாம்பல் படிந்து படிந்து ஆழம் குறைந்துபோன ஆறு அது. அழகு என்று சொல்ல வாய் வராது, பார்க்காமல் இருக்கவும் கூடாது. பொன்னேரி தாண்டினால் ஆரணி ஆறு. மழை முடிந்த கையோடு போனால் இரண்டிலும் தண்ணீர் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் போங்கள், காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டையில் இறங்கி டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம்.

அடுத்த கேள்வி வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா. ராயபுரம் ஸ்டேஷன் தூண்களைப் பற்றி மறுபடியும். 1856ஆ, அதற்கும் முந்தியதா என்கிறார். 1856தான் அம்மா, ஜூலை 1, வாலாஜா ரோடு வரைக்கும் முதல் வண்டி. விவரமாகச் சொல்கிறேன், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு.