ரெண்டுலயும் கெட்டிக்கார நாடு ஏன் இறக்குமதி செய்யுது? ரிக்கார்டோவின் நாலு எண்கள்

[திரை: கறுப்புப் பின்னணி. நாலு எண்கள் ஒவ்வொண்ணா வருது: 100, 120, 90, 80]

1817-ல டேவிட் ரிக்கார்டோ லண்டன்ல ஒரு பொருளாதார நூல் வெளியிட்டார். பங்குச் சந்தையில நல்லா சம்பாதிச்ச மனுஷன். அந்த நூல்ல வெளிநாட்டு வாணிபம் பத்தின 7-ஆவது அத்தியாயத்துல வர்ற எண்கள்தான் இது.

[திரை: அட்டவணை. இங்கிலாந்து: துணி 100, ஒயின் 120. போர்ச்சுகல்: துணி 90, ஒயின் 80]

எல்லாம் ஆள் கணக்கு. குறிப்பிட்ட அளவு துணியை ஒரு கட்டுன்னு வெச்சுக்குவோம், ஒயினை ஒரு பீப்பாய். ஒரு கட்டு துணிக்கு இங்கிலாந்துல 100 பேரோட ஒரு வருஷ உழைப்பு வேணும், போர்ச்சுகல்ல 90 பேர் போதும். ஒயினுக்கு 120, 80.

போர்ச்சுகல் ரெண்டுலயும் கெட்டி. இதுக்குப் பேர் முழு நன்மை. அப்போ 90 பேரை வெச்சு முடியற துணியை, 100 பேர் தேவைப்படற ஊர்லேர்ந்து அது எதுக்கு வாங்கணும்?

அட்டவணையை மேலிருந்து கீழ பார்த்தா இதுக்குப் பதில் கிடைக்காது. இடமிருந்து வலமா, ஒரே நாட்டுக்குள்ள பாருங்க.

[திரை: இங்கிலாந்து வரிசை மட்டும் பளிச்சுனு]

இங்கிலாந்து ஒரு பீப்பாய் ஒயின் தயாரிக்கணும்னா 120 பேரைத் தறியிலேர்ந்து எழுப்பணும். தறியிலேயே இருந்திருந்தா அவங்க 120 ÷ 100, அதாவது 1.2 கட்டு துணி நெய்திருப்பாங்க. கைவிட்டுப்போன அந்த 1.2 கட்டுதான் ஒயினோட வாய்ப்புச் செலவு. இலங்கைப் பாடநூல்ல இதையே அமையச் செலவுன்னு படிச்சிருப்பீங்க.

போர்ச்சுகல்ல அதே பீப்பாய்க்கு 80 ÷ 90. சுமார் 0.89 கட்டு.

துணிக்குத் தலைகீழ். இங்கிலாந்துல 0.83 பீப்பாய், போர்ச்சுகல்ல 1.125. ஆக ஒயின் போர்ச்சுகலுக்கு மலிவு, துணி இங்கிலாந்துக்கு மலிவு. ஒப்பீட்டு நன்மைங்கிறது இவ்வளவுதான். ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கும்கிறதால, ரெண்டு பொருள்லயும் ஒரே நாட்டுக்கு ஒப்பீட்டு நன்மை வரவே வராது.

தேர்வுல மார்க் போறது வகுக்கற இடத்துலதான். ரிக்கார்டோ தந்தது ‘எத்தனை ஆள் வேணும்’ங்கிற கணக்கு. சில கேள்விகள்ல ‘ஒரு ஆள் ஒரு நாள்ல எவ்வளவு செய்வார்’னு வரும். அங்க பின்னத்தைக் கவிழ்த்துப் போடணும். சந்தேகமா இருந்தா ஒரு சோதனை: அதிக ஆள் தின்னற பொருளோட வாய்ப்புச் செலவு 1-ஐத் தாண்டணும். இங்கிலாந்து ஒயினுக்கு 0.83-ன்னு விடை வந்தா கவிழ்த்துட்டீங்கன்னு அர்த்தம்.

[திரை: ஒரு கோடு. இடது முனை 0.89, வலது முனை 1.2]

இனி விலை. ஒரு பீப்பாய்க்கு எத்தனை கட்டு துணி? பாடத்துல இதை வாணிப வீதம்னு சொல்வாங்க. 1.2-க்கு மேல கேட்டா இங்கிலாந்து தானே ஒயின் பிழிஞ்சுக்கும். 0.89-க்குக் கீழ போனா போர்ச்சுகல் விக்காது.

ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வைங்க. இங்கிலாந்து 100 பேரோட துணியைக் கொடுத்து, 120 பேர் வேலை செய்ய வேண்டிய ஒயினை வாங்குது. 20 பேர் மிச்சம். போர்ச்சுகலுக்கு 90-க்குப் பதில் 80, மிச்சம் 10. வீதம் 1.1 ஆனா இங்கிலாந்தோட மிச்சம் 10-ஆ குறையும், போர்ச்சுகலுக்கு 19-ஆ ஏறும். ரெண்டு பேருக்கும் லாபம்கிறது உறுதி, சமமான லாபம்னு கோட்பாடு எங்கயும் சொல்லல. கப்பல் கூலியும் இந்த 0.31 இடைவெளிக்குள்ள அடங்கணும்.

மொத்த உற்பத்தியும் கூடுது. முன்னாடி ரெண்டு நாடும் சேர்ந்து 2 கட்டு, 2 பீப்பாய். இப்போ இங்கிலாந்தோட 220 பேரும் நெசவுக்குப் போனா 2.2 கட்டு, போர்ச்சுகலோட 170 பேரும் ஒயினுக்குப் போனா 2.125 பீப்பாய். ஒரு ஆள்கூட புதுசா சேரல.

ஆனா நெசவாளி மறுநாளே திராட்சைத் தோட்டக்காரர் ஆயிடுவார்னு இந்தக் கணக்கு நினைக்குது. இன்னொண்ணும் இருக்கு, பலர் இதைத் தாண்டிப் போயிடறாங்க: மூலதனமும் உழைப்பும் எல்லை தாண்ட முடிஞ்சா ரெண்டு பொருளையுமே போர்ச்சுகல்ல செய்யறதுதான் லாபம்னு ரிக்கார்டோவே எழுதியிருக்கார். நிஜ வரலாறும் இவ்வளவு சுத்தம் இல்ல. 1703-ல ரெண்டு நாடும் போட்ட மெத்துவன் வாணிப ஒப்பந்தப்படி போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்துல பிரெஞ்சு ஒயினைவிட மூணுல ஒரு பங்கு வரி குறைவு.

[திரை: போர்ச்சுகல் ஒயின் 80 அழிஞ்சு 108 ஆகுது]

கடைசியா ஒரு எண்ணை மாத்துவோம். 108 ஆனாலும் இங்கிலாந்தோட 120-ஐவிடக் குறைவுதான், போர்ச்சுகல் இப்பவும் ரெண்டுலயும் கெட்டி. ஆனா 108 ÷ 90 எவ்வளவு? 1.2. இங்கிலாந்துல வந்த அதே 1.2. கோடு சுருங்கி ஒரு புள்ளி ஆயிடுச்சு, கப்பல் கிளம்பாது.