எழுத்தாளரையே திட்டித் தீர்த்த மந்திரக்காரி!

வணக்கம்! நீங்கள் எழுதும் கதாபாத்திரமே உங்கள் முன்னால் வந்து, "உனக்கு இது சரிப்படாது, எழுதுவதை நிறுத்து" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஐநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்பானிய எழுத்தாளர் தன் கதைக்குள்ளேயே இதை நடத்திக் காட்டியிருக்கிறார்.

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். 1508இல் சரகோசாவில் அச்சான 'அமாதிஸ் தே கௌலா' ஸ்பெயினையே கிறங்கடித்த வீரசாகசக் கதை. பழைய கதையைச் செப்பனிட்டு, அதற்குத் தொடர்ச்சியும் எழுதியவர் மோன்தால்வோ.

இனிதான் நம்ம ஆள் வருகிறாள். பெயர் உர்காந்தா, பட்டம் 'அறியப்படாதவள்'. இப்போது கிழவி, அடுத்த நிமிஷம் இளம்பெண். பாம்பு வடிவக் கப்பலில் வந்து இறங்குவாள். ஆனால் நல்லவள், நாயகன் பக்கம் நிற்பவள்.

தொடர்ச்சிக் கதையில், நடுப்பகுதியில், மோன்தால்வோ தானே கதைக்குள் நுழைகிறார். உர்காந்தா அவரைக் கூப்பிட்டு, இவ்வளவு பெரிய விஷயத்தை எழுதும் அறிவு உனக்கு ஏது என்று வெளுத்து வாங்குகிறாள், பேனாவைக் கீழே வைக்கச் சொல்கிறாள். அப்புறம் வேட்டைக்குப் போனவர் ஒரு கிணற்றுக்குள் விழுகிறார். அடியில் யார்? மறுபடியும் அவளேதான்! நாயகர்கள் மந்திரத்தில் உறைந்து உட்கார்ந்திருப்பதைக் காட்டுகிறாள். எலிசபாத் என்ற வைத்தியர் எழுதிவைத்த புத்தகத்தையும் காட்டி, மிச்சக் கதையைத் தெரிந்துகொள்ளச் செய்கிறாள். எழுத அனுமதி தருவதே அவள்தான்! இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

வில்லி மேலியா, குகையில் புத்தகங்களோடு வாழும் பாரசீக இளவரசி. அவளுக்குத் தனி வீடியோவே போடணும்.

சரி, இந்தப் புத்தகங்கள் மேல் மக்களுக்கு இருந்த பயம்? 1605இல் வந்த 'தோன் கிஹோத்தே' நாவலில், வீரசாகசக் கதைகள் படித்தே புத்தி பேதலித்த நாயகனின் நூலகத்தைப் பாதிரியார் சோதிக்கப் போகும்போது வேலைக்காரம்மா புனித நீரோடு ஓடி வருகிறாள். தெளித்துவிடுங்கள், உள்ளே இருக்கும் மந்திரவாதி யாராவது நமக்குச் சூனியம் வைத்துவிடப் போகிறான் என்கிறாள். புத்தகங்களை முற்றத்தில் எறிந்து கொளுத்துகிறார்கள். அமாதிஸ் தப்பிக்கிறது, அதன் தொடர்ச்சி முற்றத்தில் போய் விழுகிறது. எனக்கு அதில் வருத்தம்தான், அந்தக் கிணற்றுக் காட்சி அதில்தானே இருக்கிறது!

அதே 'தோன் கிஹோத்தே'யின் முகப்பில் ஒரு கவிதை இருக்கிறது. பாடுபவள் உர்காந்தா. வரி முடிவில் அசைகளை வெட்டிவிட்டு, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தப் புத்தகத்துக்கே புத்தி சொல்கிறாள்.

உங்கள் கதாபாத்திரம் உங்களைத் திட்டினால் என்ன பதில் சொல்வீர்கள்? கமென்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.