சிட்னியில் அப்பா அம்மாவுக்கு ஹார்பர் க்ரூஸா, சாதாரண ஃபெர்ரியா?

சரி, அடுத்த கேள்வி. வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். "ஊரிலிருந்து அப்பா அம்மா முதல் தடவையாக சிட்னி வருகிறார்கள். ஹார்பரைச் சுற்றிக் காட்ட க்ரூஸ் டிக்கெட் எடுக்கலாமா, ஃபெர்ரியே போதுமா? அம்மாவுக்கு பஸ்ஸில் போனாலே குமட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. எந்த நாளில் போனால் நல்லது?"

ஃபெர்ரியே போதும். தயங்காமல் சொல்கிறேன். க்ரூஸ் போகிற அதே தண்ணீரில்தான் அரசு ஃபெர்ரியும் போகிறது. அதே பாலம், அதே ஓபரா ஹவுஸ். மைக்கில் ஒருவர் விளக்கம் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். அதை நீங்கள் தமிழிலேயே சொல்லிவிடலாம். அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் தனிப் படகு எடுக்க வேண்டும். அதற்கு சீசன் மே முதல் நவம்பர் வரை. ஆனால் அந்தப் படகு நடுக்கடலுக்கே போகும், உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம்.

எந்த நாள்? எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்புகிறார்கள். ஓபல் கார்டில், அதாவது ரயில், பஸ், ஃபெர்ரியில் தட்டிக் கட்டணம் கட்டுகிற அட்டையில், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது இல்லையா? வார இறுதியில் அது வாரநாளில் இருப்பதில் பாதி. இது நிறையப் பேருக்குத் தெரியும். அந்தப் பாதிக் கணக்கு வெள்ளிக்கிழமைக்கும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2023 அக்டோபரிலிருந்து அப்படித்தான். ரயில், பஸ், ஃபெர்ரி, டிராம் எல்லாம் அந்த ஒரே வரம்புக்குள் அடங்கும். அதனால் ஒரு நாள் லீவு போட முடிந்தால் வெள்ளிக்கிழமை போங்கள். பள்ளி விடுமுறைக் காலமாக இல்லாவிட்டால் ஜன்னலோரம் உட்கார இடம் கிடைக்கும்.

கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. இறங்கும்போதும் மறக்காமல் தட்ட வேண்டும், இல்லையென்றால் கூடுதலாகப் பிடித்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த வங்கி கார்டைத் தட்டினாலும் வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் சேரலாம், ஓபல் வாங்கிவிடுவது நல்லது. முதியோருக்கான கோல்டு கார்டு இங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கிடையாது. அப்பாவின் சீனியர் சிட்டிசன் அட்டையைக் காட்டிப் பயனில்லை.

இப்போது வழி. நீங்கள் இருப்பது மேற்குப் பக்கம். எல்லோரும் ரயிலில் நகர மையத்து ஃபெர்ரித் துறையான சர்குலர் கீ போய், அங்கிருந்து படகு ஏறுகிறார்கள். நான் உங்களுக்குச் சொல்வது தலைகீழ் வழி. பரமட்டாவிலேயே ஏறுங்கள். ஆற்றோடு கிழக்கே இறங்குகிற ஃபெர்ரி அது, எஃப் 3 தடம். சர்குலர் கீ போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ரயில் நிலையத்திலிருந்து துறைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், அப்பாவை காரிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுங்கள். கிளம்பும் முன் மொபைலில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரத்தில் ஆழம் போதாமல் பரமட்டா வரை ஃபெர்ரி வராது, ரைடல்மியர் வரை பஸ்ஸில் கொண்டுபோய் அங்கே ஏற்றுவார்கள்.

இந்தப் பயணம் அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது. ஆறுதான், அலை கிடையாது. முதலில் இரண்டு கரையிலும் அலையாத்திக் காடு. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். கரை அரிக்காமல் இருக்க அங்கே மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். ஒலிம்பிக் பார்க் தாண்டியதும் ஆறு அகலமாகும், வேகம் பிடிக்கும். அப்புறம் கிளாட்ஸ்வில் பாலம். 1964-ல் திறந்தது, வளைவு மட்டும் 305 மீட்டர். திறந்தபோது உலகத்திலேயே நீளமான கான்கிரீட் வளைவு அதுதான். அடியில் போகும்போது அப்பாவை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், நடுவில் ஒரு தூண்கூட இருக்காது. அதைத் தாண்டினால் காக்கட்டூ தீவு. கைதிகளை அடைத்த இடம், பிறகு கப்பல் கட்டுகிற இடமாக ஆனது. பழைய கிரேன்கள் படகிலிருந்தே தெரியும். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நடக்க முடிகிறவர்கள் அதற்கென்று ஒரு நாள் ஒதுக்கலாம். மேடும் படியுமான தீவு, உங்கள் அப்பாவுக்கு இந்தத் தடவை படகிலிருந்து பார்த்தால் போதும்.

பாரங்காரூ துறையை விட்டுக் கிளம்பியதும் வலது பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். ஹார்பர் பிரிட்ஜுக்கு அடியில் ஃபெர்ரி நுழையும். 1932-ல் திறந்த பாலம், இரும்பு வளைவின் நீளம் 503 மீட்டர். இரண்டு முனையிலும் பெரிய கல் கோபுரங்கள் நிற்கின்றன அல்லவா, அவைதான் பாலத்தைத் தாங்குகின்றன என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவை அழகுக்கு. பாரம் முழுக்க இரும்பு வளைவில்தான். பாலத்தின் நிழலைத் தாண்டியதும் ஓபரா ஹவுஸ் முழுதாகக் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். ரயிலில் போய் இறங்கி, கடைகளைத் தாண்டி நடந்துபோய்ப் பார்ப்பவர்களுக்கு இது கிடைக்காது. தூரத்தில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். இறங்கியபின் கிட்டப்போய் ஓட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பளபளப்பான வெள்ளை ஓடும், பளபளப்பில்லாத இளமஞ்சள் ஓடும் வரிசை வரிசையாகக் கலந்து பதித்திருப்பார்கள். மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல்.

ஓபரா ஹவுஸ் பார்த்தபிறகு எங்கே? மேன்லி கடற்கரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சுமார் அரை மணி நேரப் பயணம், அருமையான பயணம். ஆனால் ஹார்பர் வாயின் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் நடுவில் கடல் திறந்து கிடக்கிறது. அந்த வாயைக் குறுக்கே கடக்கிற சில நிமிடம் படகு ஏறி இறங்கும். அலை அதிகமான நாளில் பெரிய ஃபெர்ரிகளையே நிறுத்திவிடுவார்கள். முதல் நாளே அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம்.

அதற்குப் பதிலாக வாட்சன்ஸ் பே. எஃப் 9 தடம். தெற்கு முனைக்கு உள்பக்கமே நின்றுவிடுகிறது, கடல்வாயைக் கடக்க வேண்டியதில்லை. இறங்கினால் புல்வெளி, பெரிய அத்தி மரங்கள். கட்டிக்கொண்டு போன புளியோதரையை அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். கடற்காக்கைகள் பக்கத்தில் வந்து நிற்கும், ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள், அப்புறம் விடாது. பூங்காவைத் தாண்டிக் கொஞ்சம் மேடு ஏறினால் 'தி கேப்' பாறை முனை. அங்கங்கே படி உண்டு, மெதுவாக ஏறலாம். இந்தப் பக்கம் குளம் மாதிரி ஹார்பர், அந்தப் பக்கம் பாறையில் மோதுகிற பசிபிக் கடல். 1857-ல் டன்பார் என்ற கப்பல் ராத்திரியில் ஹார்பர் வாய் தெரியாமல் இங்கே மோதி உடைந்தது. 121 பேர் இறந்தார்கள், ஒரே ஒருவர் பிழைத்தார். அதற்குப் பிறகுதான் 1858-ல் தெற்கு முனையில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஹார்ன்பி கலங்கரை விளக்கம் வந்தது. அதுவரை நடக்கலாம் என்று நினைத்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வழியில் லேடி பே என்று ஒரு கடற்கரை வரும். உடை இல்லாமல் குளிக்கச் சட்டப்படி அனுமதி உள்ள கடற்கரை அது. பாதை மேலேதான் போகிறது. இருந்தாலும் அப்பா அம்மாவோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது!

திரும்பும்போது ஃபெர்ரி மேற்கே பார்த்து வரும். மாலையில் வந்தால் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்குவது தெரியும். ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள். கோடையிலும் மேல்தளத்தில் காற்று குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை கையில் இருக்கட்டும். சர்குலர் கீ ரயில் நிலையம் துறைக்கு எதிரிலேயே இருக்கிறது, லிஃப்ட் உண்டு. பரமட்டா போகும் ரயிலைப் பிடித்து அங்கே மாறிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் அம்மாவுக்கு ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் மேன்லி போகலாம். காற்று இல்லாத நாளாகப் பார்த்து, கீழ்த்தளத்தில் நடுவில் உட்கார வையுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையையே பார்க்கச் சொல்லுங்கள். துறையில் அரசு ஃபெர்ரிக்குப் பக்கத்திலேயே தனியார் விரைவுப் படகும் நிற்கும். அதன் கட்டணம் தனி, நான் சொன்ன உச்சவரம்புக்குள் வராது. எதில் ஏறுகிறீர்கள் என்று பார்த்துக் கார்டைத் தட்டுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.