உஸ்ஸங்கொடையின் பச்சைக் கல் ஒரு கடலின் மிச்சமா?

வணக்கம். இன்று மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம், ஒரு மொட்டைப் பாறையின் மேல் கமராவை நிறுத்தியிருக்கிறேன். காற்றினால் ஒலி இடையிடையே கெட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காலடியில் இருப்பது, இலங்கையின் கிழக்குப் பகுதியை ஆக்கியிருக்கும் விஜயன் தொகுதி என்னும் பாறைக் கூட்டத்தின் நைஸ், அதாவது கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப்பாறை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டு அத்திவாரத்துக்கு நாம் இறக்கும் கருங்கல் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மலைநாட்டை ஆக்கியிருக்கும் உயர்நிலத் தொகுதியோ இதைவிடப் பழைய மூலப்பொருளிலிருந்து வந்தது. ஏறத்தாழ 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தென் கண்டங்களெல்லாம் இணைந்த கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், அது விஜயன் தொகுதியின் மேல் தள்ளி ஏற்றப்பட்டது. புத்தல, கதிர்காமம் பகுதிகளில் உயர்நிலப் பாறைகள் விஜயன் பாறைகளின் மேல் தனித்த துண்டுகளாகக் கிடப்பதை வைத்து அதை அறிகிறோம்.

இந்த இரு தொகுதிகளும் சந்திக்கும் எல்லையை ஒட்டிய வலயத்தில், தெற்குக் கரையின் உஸ்ஸங்கொடையிலும், உடவளவைக்கு அண்மையிலுள்ள இந்திகொலபெலஸ்ஸவிலும், வஸ்கமுவைப் பக்கத்து யோதகன்னாவையிலும் சேர்பன்டினைட்டு என்னும் பச்சை கலந்த பாறை தலைகாட்டுகிறது. புவியோட்டுக்குக் கீழேயுள்ள மென்மூடியின் பெரிடோடைட்டு என்னும் பாறை நீரினால் உருமாறினால் கிடைக்கும் பாறை இது. ஆகவே இரு நிலத்துண்டுகளுக்கும் நடுவே ஒரு கடல் இருந்து மூடிக்கொண்டது என்றும், இந்தக் கல் அந்தக் கடற்றரையின் எச்சம், அதாவது ஒபியோலைட்டு என்றும் ஒரு கருத்து உண்டு. கவர்ச்சியான கருத்துத்தான். ஆனால் நான் அதை அவ்வளவு விரைவாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெரிடோடைட்டில் மிகுந்திருக்கும் ஒலிவின் என்னும் கனியம், ஏறத்தாழ 400 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்தில் நீரைச் சந்தித்தால் சேர்பன்டைன் என்னும் கனியமாக மாறும். கூடவே மக்னடைட்டு என்னும் இரும்புக் கனியம் உருவாகும், ஐதரசன் வாயு வெளியேறும். புதிய கனியத்தின் நிறையில் ஏறத்தாழ 13 சதவீதம் நீர். அடர்த்தி 3.3 இலிருந்து 2.6 அளவுக்கு இறங்குவதால் பாறை வீங்கி, வெடித்து, வழுக்கும் தன்மை பெறுகிறது. இப்படி உருக்குலைந்த கல்லிடம் அதன் பிறப்பிடத்தை எப்படிக் கேட்பது? அதற்குக் குரோமைட்டு என்னும் கரிய சிறுமணி உதவுகிறது. சுற்றியுள்ள ஒலிவின் முழுதும் மாறிய பின்னும் அதன் நடுப்பகுதி பெரும்பாலும் மாறாமல் நிற்கும். மென்மூடி உருகும்போது அலுமினியம் உருகுகுழம்போடு போய்விடுகிறது, குரோமியம் தங்கிவிடுகிறது. தேங்காய்ப்பூவைப் பிழியப் பிழியச் சக்கையில் பால் குறைவதைப் போல, உருகல் கூடக்கூட எஞ்சிய பாறையின் குரோமைட்டில் அலுமினியம் குறைகிறது. குரோமியம், அலுமினியம் இரண்டின் கூட்டுத்தொகையில் குரோமியத்தின் பங்கு 0.6 ஐத் தாண்டினால், அந்தப் பாறை, புதிய கடற்றரை பிறக்கும் நடுக்கடல் முகட்டில் நடக்கும் உருகலைவிடக் கடுமையான உருகலைக் கண்டது என்று கொள்ளலாம். அத்தகைய உருகலுக்குப் பெரும்பாலும் நீர் வேண்டும். ஒரு புவித்தகடு இன்னொன்றின் கீழ் அமிழும் இடத்தில், அமிழும் தகடே அந்த நீரை மேலே விடுகிறது.

1972 இல் ஒபியோலைட்டுக்கு வரையறை வகுத்த காலத்தில், அவை நடுக்கடல் முகட்டில் பிறந்த கடற்றரை என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. அடுத்த ஆண்டே யப்பானியப் புவியியலாளர் மியாஷிரோ, சைப்பிரசின் துரூடோசு ஒபியோலைட்டு ஒரு தீவு வில்லில், அதாவது தகடு அமிழும் இடத்தில் எழும் எரிமலைத் தீவு வரிசையில், தோன்றியிருக்கலாம் என்று எழுதினார். மாற்றமடைந்த எரிமலைப் பாறையின் இரசாயனத்தை நம்பலாமா என்று எதிர்ப்புக் கிளம்பியது. நியாயமான கேள்விதான், ஆனாலும் காலம் அவர் பக்கமே சாய்ந்தது. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் 70 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒபியோலைட்டுகளில் பலவற்றின் குரோமைட்டும் அமிழ்வு வலயத்தின் முன்விளிம்பையே, அதாவது அமிழும் தகட்டுக்கு மேலே நிற்கும் தகட்டின் ஓரத்தையே, காட்டுகிறது. இதற்குக் காரணமும் இருக்கிறது. சாதாரணக் கடற்றரை பெரும்பாலும் அமிழ்ந்து மறைந்துவிடும். மேல்தகட்டின் விளிம்போ அமிழாமல் நிற்பது. கீழே வந்து சேரும் கண்டம் பாரம் குறைந்ததால் அமிழ மறுக்கும்போது, அந்த விளிம்பு கண்டத்தின் மேலேயே தங்கிவிடுகிறது.

இனி நம் நாட்டுக் கல்லுக்கு வருவோம். சேர்பன்டினைட்டு மட்டும் இருந்தால் அது ஒபியோலைட்டு ஆகிவிடாது. ஆழத்தில் உறைந்த கப்ரோ, குழம்பு வெடிப்புகளில் ஏறி உறைந்து நெருங்கி நிற்கும் டைக்குகள், கடலடியில் தலையணை வடிவில் உறைந்த எரிமலைப் பாறை ஆகியவையும் தொடர்ச்சியாக வேண்டும். அந்தத் தொடர் இங்கே தெளிவாக இல்லை. மேலும், உயர்நிலப் பாறைகள் 800 பாகையைத் தாண்டிய வெப்பத்தைக் கண்டவை. சேர்பன்டைனோ 700 பாகைக்குள்ளேயே சிதைந்துவிடும். பாறை அந்த வெப்பத்தை அனுபவித்திருந்தால், இன்று நாம் காணும் சேர்பன்டைன் அதற்குப் பிந்தியது, அதை ஆக்கிய நீரும் பிந்தியது; அந்த நீரைக் கடல்நீர் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். அவ்வளவு வெப்பத்தில் குரோமைட்டும் அயலிலுள்ள கனியங்களோடு மூலகங்களை மாற்றிக்கொள்ளும் என்பதால், எகிப்தில் நம்பும் அளவுக்கு இங்கே அதை நம்ப முடியாது. மென்மூடித் துண்டு என்பது வரை உடன்படுகிறேன். கடல் என்பதற்கு இன்னும் சான்று தேவை.

உஸ்ஸங்கொடையில் புல்லும் செடியும் குட்டையாக நிற்பதற்கு இராவணனின் விமானத்தையும் விண்கல்லையும் காரணம் சொல்பவர்கள் உண்டு. சேர்பன்டினைட்டு மண்ணில் நிக்கலும் மக்னீசியமும் அதிகம், கல்சியம் குறைவு. பல செடிகளுக்கு அது ஒத்துவராது. நம் வைத்தியர்கள் அறிந்த ஓரிதழ்த் தாமரை அங்கே நன்றாக வளர்ந்து, நிக்கலை மிகுதியாகத் தன்னுள் சேர்த்துக்கொள்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மருந்துக்கென்று அந்த இடத்துச் செடியைப் பறிக்காதீர்கள். 2010 முதல் அது தேசியப் பூங்காவாகவும் இருப்பதால், செடியோ கல்லோ எதையும் எடுத்துவர அனுமதியில்லை.